மழைக்காலத்தில் தரங்கம்பாடி செல்வோம்!

அலை ஓய்ந்த பிறகு தலை முழுகலாம் என்று கரையில் காத்திருந்தவனைப் பற்றி நம் முன்னோர் சொல்லி வைத்திருக்கிறார்கள். அலையும் ஓயவில்லை, அவனும் முழுகவில்லை. பள்ளிச் சுற்றுலா என்றதும் நம்மில் பலர் அவனைப் போலவே ஆகிவிடுகிறோம். “மழை விடட்டும், தை பிறக்கட்டும், பார்க்கலாம்” என்கிறோம். தை பிறந்ததும் திருப்புதல் தேர்வு வந்து நிற்கிறது. சுற்றுலா போன இடம் தெரியவில்லை!

இவ்வாண்டு நம் பள்ளியில் வழக்கத்துக்கு மாறாக ஒன்று நடந்தது. பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் கார்த்திகை இரண்டாம் வாரத்தில் தரங்கம்பாடி சென்று வந்தோம். நனைந்தோம், நலமாகத் திரும்பினோம். ஆயினும், “இனி மழைக்காலத்தில் பெண் பிள்ளைகளை வெளியூர் அழைத்துச் செல்ல வேண்டாம்” என்று பெற்றோர் சிலர் நம் தலைமையாசிரியை அவர்களிடம் கேட்டுக்கொண்டதாக அறிகிறோம். அவர்கள் நம் மீதுள்ள அன்பினால்தான் அவ்வாறு கேட்கிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் எங்கள் கருத்து வேறு. கடலோரத்துப் பழைய ஊர் ஒன்றை உண்மையாக அறிய வேண்டுமானால் அதை மழைக்காலத்தில்தான் பார்க்க வேண்டும் என்பதே அக்கருத்து. எங்களுக்கு அடுத்து வரும் ஒன்பதாம் வகுப்புத் தங்கையரின் வாய்ப்பு இதில் அடங்கியிருப்பதால், காரணங்களை இங்கே கூற விழைகிறோம்.

தரங்கம்பாடியைப் பற்றிச் சில செய்திகளை முதலில் அறிந்துகொள்வோம். இவ்வூர் மயிலாடுதுறை மாவட்டத்தில், காரைக்காலுக்கு வடக்கே, வங்கக் கடலின் ஓரத்தில் இருக்கிறது. தரங்கம் என்றால் அலை. பாடி என்றால் ஊர். அலைகள் பாடும் ஊர் என்று இனிமையாகப் பொருள் கூறுவாரும் உண்டு. சடங்கன்பாடி என்பது கல்வெட்டில் காணும் பழைய பெயர். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் இங்கே மாசிலாமணிநாதர் கோயில் எழுந்தது. 1620-ஆம் ஆண்டில் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் நாட்டாருக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன்னேட்டில் தமிழில் எழுதிய மடல் இன்றும் அந்நாட்டில் பாதுகாக்கப்படுகிறது. அந்த உடன்படிக்கையின் பயனாகக் கடலோரத்தில் எழுந்ததே டேன்ஸ்பர்க் கோட்டை.

1706-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சீகன்பால்க் என்னும் ஜெர்மானிய இளைஞர், புளுட்சோ என்பவருடன் இங்கு வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. தமிழ் கற்றார், ஓலைச்சுவடிகளைத் திரட்டினார், ஆளுநரின் கோபத்துக்கு ஆளாகிக் கோட்டையிலே நான்கு மாதம் சிறையும் இருந்தார். அச்சுப்பொறியை வரவழைத்துப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு 1715-இல் முடித்தார். தமிழில் முதன்முதலாக நூல் அச்சானது இவ்வூரில்தான் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. இயேசு சபையைச் சேர்ந்த அன்றிக் அடிகளார் 1578-இலேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலை அச்சிட்டுவிட்டார். ஆனால் சீகன்பால்க் 1707-ஆம் ஆண்டிலேயே இவ்வூரில் பெண் குழந்தைகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார் என்பதை மாணவியராகிய நாம் மறக்கலாகாது. 1718-இல் அவர் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்திலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். இறக்கும்போது அவருக்கு வயது முப்பத்தாறுதான். 1845-இல் டென்மார்க் நாட்டார் இவ்வூரையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். 1926-இல் மாயவரத்திலிருந்து இங்கு வந்த ரயிலும் 1986-இல் நின்றுபோயிற்று.

இவை எல்லாம் புத்தகத்திலே கிடைக்கும் செய்திகள். இவற்றை அறிய மழையில் நனைய வேண்டியதில்லை. அப்படியானால் மழைக்காலத்தில் ஏன் போக வேண்டும்?

முதற்காரணம், இவ்வூரின் வரலாற்றை நடத்தியது காற்று என்பதாகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. அக்காற்றின் துணையால்தான் பாய்மரக் கப்பல்கள் மேற்கிலிருந்து நம் கரைக்கு வந்தன. ஐப்பசி பிறந்ததும் காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்கும். அப்போது கடலிலிருந்து கரையை நோக்கிக் காற்று தள்ளும். தரங்கம்பாடியில் கப்பல் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவிலே நங்கூரமிட்டு நிற்க, சலங்கு என்னும் படகுகளே அலைகளைக் கடந்து ஆட்களையும் பண்டங்களையும் ஏற்றி இறக்கின. மழைக்காலத்தில் நங்கூரக் கயிறு அறுந்தால் கப்பல் நேரே கரையில் வந்து மோதவேண்டியதுதான். ஆதலால் அக்காலத்தில் மாலுமிகள் சோழமண்டலக் கரையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நிற்க அஞ்சினார்கள். பாதுகாப்பான துறைமுகங்களைத் தேடிச் சென்றுவிட்டார்கள்.

இதையும் எங்கள் வரலாற்று ஆசிரியை வகுப்பிலே கூறியிருந்தார்கள். அப்போது எங்களுக்கு அது ஒரு மதிப்பெண் வினாவாகவே தோன்றியது. கோட்டையின் மேல்தளத்தில் நின்றபோதுதான் அதன் பொருள் விளங்கிற்று. கிழக்கே திரும்பி நின்றால் கண்ணைத் திறக்க முடியவில்லை. குடைகள் காளான்களாகப் போய்க் கிண்ணங்களாகத் திரும்பின. ஒருத்தி சொன்னது மற்றொருத்தி காதில் விழவில்லை. அடுத்த கப்பல் வரும்வரை பல மாதங்கள் கடிதமும் இல்லை, செய்தியும் இல்லை என்று இக்கோட்டையில் காத்திருந்தவர்களின் நிலையை அந்தக் காற்று எங்களுக்கு ஒரு நொடியில் கற்றுக் கொடுத்தது. மாசி மாதத்து வெயிலில் அதே இடத்தில் நின்றால் கடல் நீலப்பட்டு விரித்தாற்போல் இருக்கும். ‘இவ்வளவு நல்ல கடலுக்கா அஞ்சினார்கள்!’ என்றே நமக்குத் தோன்றும்.

இரண்டாவது காரணம், ஊரின் நோயை மழைதான் காட்டும் என்பதாகும். மருத்துவர் காய்ச்சல் அடிக்கும்போது அல்லவா நோயாளியைப் பார்க்க விரும்புவார்! 1792-இல் கட்டிய நகரவாயிலைக் கடந்து இராஜ வீதியில் நடந்தால் இருபுறமும் பழைய கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. வெயிற்காலத்தில் அவை ஒன்றுபோல் வெள்ளையாகத் தெரியும். மழையிலோ எந்தச் சுவர் நலமாயிருக்கிறது, எந்தச் சுவர் நலிந்திருக்கிறது என்பது பளிச்சென்று தெரிகிறது. ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் நாங்கள் மழைக்கு ஒதுங்கியபோது, அங்கே ஒதுங்கியிருந்த முதிய கொத்தனார் ஒருவர் எங்களுக்கு ஆசிரியரானார்.

“இந்தா பாருங்க பிள்ளைங்களா, இந்தப் பக்கம் சுண்ணாம்புக் காரை. கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் சேர்த்து அரைச்சது. மழையைக் குடிக்கும், வெயில் வந்தா விட்டுடும். அந்தப் பக்கம் அவசரத்துக்குச் சிமெண்டு பூசிட்டாங்க. உள்ளே போன ஈரம் வெளியே வர வழி இல்லே. சுவர் உள்ளுக்குள்ளேயே வெந்து போகுது” என்றார்.

கையை வைத்துப் பார்த்தோம். அவர் கூறியது உண்மையே. சிமெண்டுப் பூச்சின் ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது. விரல் பட்டதும் செங்கல் பொடியாக உதிர்ந்தது. பழைய கட்டடத்தைச் செப்பனிடுவது நல்லதுதான்; ஆனால் எதைக்கொண்டு செப்பனிடுகிறோம் என்பது அதைவிட முக்கியம் என்பதை அன்று உணர்ந்தோம். இவ்வூரிலே பொற்கொல்லர் தெருவில் சில வீடுகளையும், கோட்டைக்கு எதிரே ஆளுநர் மாளிகையையும் அறிந்தவர்கள் பழைய முறைப்படியே புதுப்பித்திருக்கிறார்கள். அவற்றைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் கேட்பாரற்று, கூரை சரிந்து, ஆலஞ்செடி முளைத்து நிற்கும் வீடுகளும் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு கார்த்திகையும் அவற்றின் ஆயுளில் ஒரு பங்கைக் கொண்டுபோகிறது.

சுவரை மழை தின்கிறது என்றால் கரையைக் கடல் தின்கிறது. மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதிகளைக் கடல் எப்போதோ கொண்டுவிட்டது. எஞ்சியதைக் காப்பதற்காகக் கருங்கற்களைக் கொட்டி அணையிட்டிருக்கிறார்கள், திருப்பணியும் நடந்திருக்கிறது. நம் பள்ளிப் படத்தொகுப்பில் பழைய படம் ஒன்று இருக்கிறது. முன்னொரு மாசி மாதத்தில் அங்கே சென்ற அக்காமார் கோயிலுக்கு அருகே மணலில் வட்டமாக அமர்ந்து கட்டுச்சோறு உண்ணும் படம் அது. நாங்கள் போனபோது அந்த மணலைக் காணோம்! அவர்கள் அமர்ந்திருந்த இடத்தில் அலை வந்து கல்லில் அறைந்து, எங்கள் முகத்தில் உப்புநீரை இறைத்தது. மழைக்காலத்து அலை மணலை வாரிக்கொண்டு போகும் என்றும், கோடையில் அதில் ஒரு பகுதியைத் திரும்பக் கொண்டுவந்து போடும் என்றும் ஆசிரியை விளக்கினார்கள். எடுத்ததை எல்லாம் திருப்பித் தராதபோதுதான் கரை குறைகிறது. கோடையில் மட்டும் வருபவர்கள் கடல் கொடுத்ததை மட்டுமே பார்க்கிறார்கள். எடுத்துப் போனதை அறிவதில்லை. ஆகவே கரையைக் காக்க வேண்டும் என்று சொன்னால் அவர்களுக்கு அது விளங்குவதில்லை.

மூன்றாவது காரணமே எங்கள் நெஞ்சில் ஆழமாகப் பதிந்தது. ஊர் என்பது கோட்டையும் கோயிலும் மட்டுமல்ல. அங்கே வாழும் மக்களே ஊர். அன்று கடலுக்கு ஒரு படகும் போகவில்லை. படகுகள் எல்லாம் மேட்டில் ஏற்றிக் கட்டப்பட்டிருந்தன. தார்ப்பாய்க் கொட்டகை ஒன்றின் கீழ் வலைகளுக்கு நடுவே ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார்.

“இன்றைக்கு மீன் கிடைக்காதா பாட்டி?” என்று எங்களில் ஒருத்தி கேட்டாள்.

“ஏது மீனு கண்ணு? எட்டு நாளாப் போட்டு மேட்டுலதான் கெடக்கு. கருவாடு போடலாம்னா வெயிலு இல்லே” என்றார் பாட்டி. பிறகு எங்கள் சீருடையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “மழை பேஞ்சா உங்களுக்கு லீவு, எங்களுக்கும் லீவு. உங்க லீவுல ஊட்டுல சோறு இருக்கும்மா” என்றார்.

எங்களுக்குப் பேச்சு எழவில்லை. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ‘பள்ளிகளுக்கு இன்று விடுமுறை’ என்ற அறிவிப்பைக் கேட்டு எத்தனை முறை கைதட்டி ஆர்ப்பரித்திருக்கிறோம்! அதே செய்தியில், ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்ற வரியும் வருகிறது. அது நம் காதில் விழுவதே இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் இனம் பெருகுவதற்காக அரசு விதித்துள்ள அந்தத் தடை நல்லதே. அது முடிந்து சில மாதங்களில் புயற்காலம் வந்துவிடுகிறது. இடைப்பட்ட நாட்களில் ஈட்டியதைக் கொண்டே அவர்கள் ஆண்டு முழுவதும் வாழவேண்டியிருக்கிறது. அரசின் உதவித்தொகை ஓரளவு கைகொடுக்கிறது. ஆயினும் நாம் உண்ணும் மீனுக்குப் பின்னால் இப்படிப்பட்ட நாட்களும் இருக்கின்றன என்பதை வெயிற்காலச் சுற்றுலா நமக்குச் சொல்லித்தராது. அன்று வருபவர்கள் சிப்பி பொறுக்கி, படம் எடுத்து, வறுத்த மீன் தின்று திரும்புவார்கள். அதில் குற்றமில்லை. ஆனால் அது ஊரைப் பார்த்ததாகாது.

இனி, மறுப்பாகக் கூறப்படும் கருத்துகளையும் சீர்தூக்கிப் பார்ப்போம்.

“மழைக்காலத்துக் கடல் ஆபத்தானது” என்பது முதல் மறுப்பு. உண்மைதான். 1977-ஆம் ஆண்டு நவம்பரிலும், 2018-ஆம் ஆண்டு நவம்பரில் கஜா என்ற பெயரிலும் நாகைக் கரையைத் தாக்கிய புயல்களை யார் மறப்பார்? ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இக்கரைக்குப் பெருந்துயரம் தந்த ஆழிப்பேரலை 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் வந்தது. அது கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிறு காலை, புயலும் இல்லை, மழையும் இல்லை. ஆகவே வானம் தெளிவாக இருந்தால் ஆபத்தில்லை, மேகம் கறுத்தால் ஆபத்து என்று கணக்கிடுவது சரியாகாது. எக்காலத்திலும் கடலிடம் மரியாதை வேண்டும் என்பதே பாடம். மேலும் இன்று புயல் வருவதைப் பல நாட்களுக்கு முன்பே வானிலை ஆய்வு மையத்தார் அறிவித்துவிடுகிறார்கள். நாகைத் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் சுற்றுலாவைத் தள்ளிவைக்கலாம். மழைக்காலம் முழுவதையும் தள்ளிவைக்க வேண்டியதில்லை அல்லவா?

“நனைந்தால் காய்ச்சல் வரும், பாடம் கெடும்” என்பது இரண்டாவது மறுப்பு. மாற்றுடை, துவாலை, காய்ச்சி ஆறவைத்த குடிநீர் இவை மூன்றும் இருந்தால் போதும். சென்று வந்த நாற்பது பேரில் மறுநாள் வகுப்புக்கு வராதவர்கள் இருவர்தாம். அவர்களில் ஒருத்தி அக்காள் திருமணத்துக்குப் போயிருந்தாள்!

“பெண் பிள்ளைகள் ஆயிற்றே” என்பது மூன்றாவது மறுப்பு. இதற்கு மட்டும் சற்று அழுத்தமாகவே விடை கூற விரும்புகிறோம். அந்தக் கரையிலே மழையோடும் அலையோடும் வாழ்பவர்களில் பாதிப்பேர் பெண்கள். ஏலம் எடுத்து, கூடை சுமந்து, ஊர் ஊராக நடந்து மீன் விற்பவர்கள் பெண்களே. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு, பெண்ணுக்குக் கல்வி எதற்கு என்று கேட்ட காலத்தில், அவ்வூரிலே சில சிறுமியர் ஓலையும் எழுத்தாணியும் ஏந்திப் பள்ளியில் வந்து அமர்ந்தார்கள். அன்றும் ஐப்பசியில் அடைமழை பெய்துதான் இருக்கும். அவர்களை வீட்டிலேயே இருத்திக்கொள்ள அவர்தம் பெற்றோருக்கும் ஆயிரம் காரணங்கள் இருந்திருக்கும். அவற்றையெல்லாம் மீறி அவர்கள் வந்ததன் தொடர்ச்சிதானே இன்று நாம் இங்கே அமர்ந்திருப்பது?

நான்காவது மறுப்பு எங்கள் வகுப்பிலேயே எழுந்தது. “அவர்கள் துன்பப்படும் நாளில் போய் வேடிக்கை பார்ப்பது முறையா?” என்று ஒரு தோழி கேட்டாள். இது நியாயமான கேள்வி. நாங்கள் நெடுநேரம் இதைப் பற்றி விவாதித்தோம். வேடிக்கை பார்ப்பது முறையன்று என்பதே எங்கள் முடிவும். மழைக்காலத்தில் செல்பவர்களுக்குச் சில நெறிகள் வேண்டும். கேளாமல் யாருடைய வீட்டையும் படம் எடுக்கலாகாது. கொண்டுபோகும் கட்டுச்சோற்றோடு நில்லாமல் அவ்வூர்க் கடைகளில் தேநீரோ பலகாரமோ வாங்க வேண்டும். வெளியூரார் வராத அந்நாட்களில் அது அவர்களுக்கு உதவும். கடலில் ஓர் அடியும் இறங்கலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கண்டதை எழுதி வைத்துக்கொண்டு திரும்ப வேண்டும்.

இந்த எழுதி வைத்தல் பற்றி ஒரு யோசனையைப் பணிவுடன் முன்வைக்கிறோம். ஆண்டுதோறும் கார்த்திகையில் நம் பள்ளி மாணவியர் தரங்கம்பாடி செல்லட்டும். கோயிலுக்கு அருகே குறித்த ஓரிடத்திலிருந்து அலை எட்டும் தூரத்தை ஒவ்வோராண்டும் அடிக்கணக்கில் அளந்து எழுதட்டும். இராஜ வீதியில் ஒரே சுவரை ஆண்டுதோறும் படம் எடுத்து ஒட்டட்டும். மூதாட்டியரும் கொத்தனார்களும் கூறும் செய்திகளைக் கேட்டுக் குறிக்கட்டும். அதற்கென ஒரு குறிப்பேட்டை நம் நூலகத்தில் வைக்கலாம். முதல் பக்கத்தை நாங்கள் எழுதிவிட்டோம். பத்து ஆண்டுகள் சென்றால் அது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத ஒரு வரலாறாக ஆகும் என்று நம்புகிறோம். மழை விட்ட பிறகு போனால் அந்தக் குறிப்பேட்டில் எழுத என்ன இருக்கும்?

அன்புள்ள பெற்றோர்களே! மழை வரும் என்று தெரிந்தும் குடையைக் கையில் கொடுத்து எங்களை நாள்தோறும் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் நீங்கள். அதே குடையோடு ஒரு நாள் கடற்கரைக்கும் அனுப்புங்கள் என்றுதான் கேட்கிறோம். அன்புத் தங்கையரே! அடுத்த கார்த்திகையில் உங்கள் முறை வரும்போது, மூட்டையில் மாற்றுடையையும் மறக்காமல் அளவு நாடாவையும் எடுத்து வையுங்கள். குறிப்பேட்டின் இரண்டாம் பக்கம் உங்களுக்காகக் காத்திருக்கிறது.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு